வறண்டு கிடக்கும் ஏரிகளின் மேல் விமான நிலையம் கட்டினால் என்ன தவறு?

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் சென்னைக்கான இரண்டாவது விமான நிலையம் வரவிருக்கும் திட்டப் பரப்பில் இருக்கும் ஏரிகள் ஆண்டில் பாதி நாள் வறண்டுதான் கிடக்கின்றன, அவற்றுக்காக அந்தப் பரப்புக்குள் இருக்கும் ஏகனாபுரம் கிராம மக்கள் இத்தனை ஆண்டுகள் போராடுவது வளர்ச்சியைத் தடுப்பதாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சித்திரை, வைகாசியில் பயணம் செய்து, ஏரிக்குள் ஆடுகள் மேய்வதைப் பார்த்தவராக இருக்கக்கூடும். அப்படிப் பார்த்தவருக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பே.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னூட்டத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஏகனாபுரம் என் ஊர் அல்ல. திட்டப் பரப்பில் எனக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினன் அல்லன். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் தேவை என்பதையும் மறுக்கவில்லை. என் மகன் வளைகுடாவில் வேலை செய்கிறான், மீனம்பாக்கத்தின் நெரிசலை நான் நன்கு அறிவேன். ஆனால் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஏரிப் பாசனத்தை நம்பிய ஒரு சிற்றூரில் பிறந்து, அங்கே ஊராட்சி வார்டு உறுப்பினராகவும் இருந்தவன். எங்கள் ஊரில் நடந்த ஒன்றில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஏரி கோடையில் வறள்வது அதன் குறை அல்ல. வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று மாதங்களில் கொட்டிவிட்டுப் போகும் நீரைப் பிடித்து வைத்து, மதகு வழியாக நஞ்சைக்குக் கொடுத்து, அறுவடை முடியும்போது காலியாகிவிடத்தான் அது வெட்டப்பட்டது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். அங்கே எந்த ஏரியும் தனித்து நிற்பதில்லை. மேட்டில் உள்ள ஊரின் ஏரி நிரம்பி வழிந்தால் அந்த நீர் கீழே உள்ள ஊரின் சித்தேரிக்கு, அதாவது சிறிய ஏரிக்கு, வரும், அது நிரம்பினால் அடுத்த தாங்கல் எனும் சிற்றேரிக்குப் போகும். பாலாற்று நீரைக் கொண்டுவரும் கம்பன் கால்வாய் இப்படிப் பல ஏரிகளை நிரப்பிக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் ஏரிவரை செல்கிறது. அதன் ஒரு பகுதி பரந்தூர்த் திட்டப் பரப்புக்குள் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்கும், செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றுக்கும் போய்ச் சேரும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தை மூடிப் பல நாள்கள் முடக்கியது அந்த அடையாற்று வெள்ளம்தான். அங்கே இரண்டாவது ஓடுபாதையை அதே ஆற்றின் மேல் பாலம் கட்டித்தான் நீட்டியிருக்கிறார்கள்.

இனி எங்கள் ஊர்க் கதை. 2008-இல் ஒரு தொழில் நிறுவனம் எங்கள் சித்தேரிக்கு மேற்கே நிலம் வாங்கியது. பெயர் வேண்டாம். அந்த நிலத்தின் நடுவே ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் ஓடியது. அதை மூடிவிட்டு, மதில் சுவரை ஒட்டி அதே அகலத்தில் மாற்றுக் கால்வாய் வெட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஏரியின் பரப்பு ஒரு சென்ட் கூடக் குறையாது என்றார்கள், அது உண்மையும்கூட. சமுதாயக் கூடம் கட்டித் தருவதாகவும் கூறினார்கள். ஊராட்சித் தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் எங்கள் ஊர் நீர்க்கட்டி மட்டும், அவருக்கு அப்போதே எழுபது வயதுக்கு மேல் இருக்கும், "தண்ணி மூலை திரும்பாதுப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாற்றுக் கால்வாய் மதிலின் இரண்டு மூலைகளிலும் செங்குத்தாகத் திரும்பியது. எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய பேச்சைப் பொறியாளரின் வரைபடத்துக்கு எதிராக வைத்துப் பார்க்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

2015 நவம்பர் நடுவில் பெய்த மழையில், இரவு இரண்டு மணிக்கு, முதல் மூலையில் கரை உடைந்து நீர் நேராகத் தெருவுக்குள் வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு. விதைநெல் மூட்டைகளைப் பரணில் ஏற்ற எனக்கும் என் மனைவிக்கும் நேரம் இல்லை. நான்காம் நாள் நீர் வடிந்தபோது சாக்கின் இழைகளுக்கு இடையே வெள்ளை வேர்கள் விரல் நீளத்துக்கு வெளியே வந்திருந்தன. தொட்டால் மூட்டை உள்ளே கதகதவென்று சூடாக இருந்தது, புளித்த வாடை அடித்தது. அதன்பிறகு ஏரிக்கரை மேல் ஏறிப் பார்த்தேன். என் வாழ்நாளின் மிகப் பெரிய மழையில், தெருவில் இடுப்பளவு நின்ற நீர், ஏரியில் முழங்கால் அளவுதான் நின்றது. அந்த ஆண்டு மதகு திறக்கவே இல்லை.

நாங்கள் மனு கொடுத்தோம். வந்த பதில், ஏரியின் பரப்பும் கால்வாயின் அகலமும் பதிவேட்டின்படியே உள்ளன, ஆக்கிரமிப்பு ஏதுமில்லை என்பது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நம்முடைய ஆவணங்கள் ஏரியைச் சர்வே எண்ணாகவும் பரப்பாகவும் மட்டுமே அறியும். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை அவை அறியா. பரந்தூர் வழக்குகளையும் வாக்குறுதிகளையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத ஒரு திட்டப் பரப்புக்குள் ஏரி, ஓடை, கால்வாய் இருந்தால், நிபுணர் குழுவின் பரிந்துரையைப் பெற்று அவற்றையும் சேர்த்து ஒரே நிலமாக ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. நீரின் கொள்ளளவு குறையக்கூடாது என்ற பாதுகாப்பும் அதில் உண்டு என்பார்கள். எங்கள் ஏரியின் கொள்ளளவும் குறையவில்லை, நீர் வரும் வழிதான் போயிற்று.

மத்திய அரசின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 2017-ஆம் ஆண்டு விதிகளில் ஈரநிலம் என்பதன் விளக்கத்திலிருந்தே நெல்வயல்களையும், பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் விலக்கிவிட்டார்கள். அதன்படி நம் ஏரிகளில் மிகப் பெரும்பாலானவை சட்டத்தின் கண்ணில் ஈரநிலமே அல்ல. வேடந்தாங்கலும் ஒரு பாசன ஏரிதான், பெயரிலேயே தாங்கல் இருக்கிறது. அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால் தப்பி, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அதே 2022-இல்தான் பரந்தூர் அறிவிப்பும் வந்தது. இரண்டும் ஒரே வகை ஏரிகள், ஒரே மழையைப் பிடிப்பவை.

நிலம் எடுக்கும் முறையிலும் இப்படித்தான். 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கிராம சபையின் கருத்தையும் கேட்கச் சொல்கிறது. பரந்தூரில் பயன்படுத்தப்படுவது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம். அதில் இழப்பீடு மட்டும் மத்தியச் சட்டத்தின்படி, அந்த மதிப்பீடு கிடையாது. அந்த மாநிலச் சட்டத்தை 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது, பேரவை அதற்கு மறு உயிர் கொடுத்தது, 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆகவே இது சட்ட மீறல் என்று நான் சொல்லவில்லை. ஏகனாபுரத்தார் கிராம சபையில் மீண்டும் மீண்டும் எதிர்த்துத் தீர்மானம் போட்டதும், 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்ததும், அவர்களுடைய கருத்தை அந்த மாநிலச் சட்டம் கேட்காததால்தான் என்று சொல்கிறேன். அதிக இழப்பீடு வாங்கத்தான் இதெல்லாம் என்று எழுதுபவர்கள், பகல் முழுக்க வயலில் நின்றுவிட்டு வந்து இரவுதோறும் கூடி அமரும் பெண்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு எழுதட்டும்.

கேரளத்தின் ஆரன்முளாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கும் நெல்வயலையும் ஓடையையும் நிரவித்தான் விமான நிலையம் கட்ட முனைந்தார்கள். 2014 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு அதன் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தாக்க மதிப்பீடு செய்த நிறுவனத்துக்கு அதற்கான தகுதிச் சான்று இல்லை, பொதுக்கருத்துக் கேட்பும் முறையாக நடக்கவில்லை என்பவை காரணங்கள். வயல் அழிவதற்காக அன்றி நடைமுறைப் பிழைகளுக்காகவே அனுமதி போனது என்பதைக் கவனியுங்கள். ஆயினும் அந்த மாநிலத்தில் 2008 முதல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. நம்மிடம் அதற்கு ஈடான ஒன்று இல்லை.

வளாகத்துக்குள்ளேயே ஏரிகளைப் பாதுகாப்போம் என்று சொல்வதையும் நான் ஐயத்தோடுதான் கேட்கிறேன். திறந்த நீர்ப்பரப்பு இருந்தால் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் வரும், அவை விமானத்தில் மோதினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஓடுபாதைக்கு அருகில் நீர் தேங்க விடக்கூடாது என்பது எங்கும் விமான நிலையத்தார் கடைப்பிடிக்கும் பாதுகாப்பு நெறி. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியானதே. நாளை அந்த ஏரிகளை நிரப்புவதா, வடிப்பதா என்று முடிவு செய்யப்போவது மதகைத் திறக்கும் உழவர் அல்லர்.

நீங்கள் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டிருந்தால், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை உங்கள் கைக்குக் கிடைக்கும்போது ஏரிகளின் எண்ணிக்கையையும் பரப்பையும் விட்டுவிட்டு வரைபடத்தைப் பாருங்கள். கம்பன் கால்வாயின் மேல் விரலை வைத்துத் திட்டப் பரப்பின் மேற்கு எல்லையிலிருந்து கிழக்கு எல்லைவரை நகர்த்துங்கள். அது எத்தனை இடங்களில் மூலை திரும்புகிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்களிடமும் 2008-இல் அப்படி ஒரு வரைபடத்தைக் கொடுத்தார்கள். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டேன்.