கல்லூரிக் குதிரையேற்ற அணியில் சேர சொந்தக் குதிரை வேண்டுமா?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "என் மகள் பென்சில்வேனியாவில் கல்லூரி முதலாண்டு சேரப்போகிறாள். பள்ளி நாட்களில் இரண்டு ஆண்டுகள் வாரம் ஒரு முறை குதிரைச் சவாரி கற்றாள். உள்ளூர்ப் போட்டி ஒன்றில் பரிசு ரிப்பன்கூட வாங்கியிருக்கிறாள். இப்போது கல்லூரிக் குதிரையேற்ற அணியில் சேர ஆசைப்படுகிறாள். சொந்தக் குதிரை இல்லாமல் அணியில் இடமே கிடைக்காது என்கிறார் அவளுடைய பழைய பயிற்சியாளர். 22,000 டாலருக்கு நல்ல குதிரை ஒன்று கைவசம் இருக்கிறதாம். இந்த வாரமே முன்பணம் கொடுக்கச் சொல்கிறார். வார இறுதி முழுக்கப் போட்டி என்றால் படிப்பு என்னாகும் என்ற கவலையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?"

முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், எந்த நிபந்தனையில் அது திரும்பக் கிடைக்கும் என்று இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் மகள் சேரக்கூடிய அணி அநேகமாக ஐ.ஹெச்.எஸ்.ஏ. என்ற கல்லூரிகளுக்கிடையேயான குதிரைப் போட்டி அமைப்பைச் சேர்ந்ததாக இருக்கும். 1967-ல் பாப் காச்சியோனி என்ற மாணவர், உங்கள் மாநிலத்தில் உள்ள ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது தொடங்கியது அது. சொந்தக் குதிரை இல்லாத மாணவரும் போட்டியிட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படையே. அமைப்பு தொடங்கி அறுபது ஆண்டு ஆகப்போகிறது. இந்த ஒரு விஷயம் இன்னும் பெற்றோர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. கல்லூரி அணிகளின் விளம்பரப் படங்களும் ஒரு காரணம். பளபளவென்று தேய்த்து நிறுத்திய குதிரைக்குப் பக்கத்தில் பணக்காரக் களையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்கிற எந்த அப்பாவும் குதிரையோடுதான் வர வேண்டும்போல என்றுதான் நினைப்பார்.

நடப்பது இதுதான். போட்டியை நடத்துகிற கல்லூரியே குதிரைகளைத் தருகிறது. பெரும்பாலும் தன் லாயத்துப் பயிற்சிக் குதிரைகள், போதாததற்கு அக்கம்பக்கத்தில் இரவல். காலையில் நடத்தும் கல்லூரியின் மாணவர்கள் அந்தக் குதிரைகளில் ஏறி ஓட்டிக் காட்டுவார்கள். மற்ற அணிகள் வேலியோரம் நின்று குறிப்பெடுக்கும். எது கடிவாளத்தை இழுக்கும், எது சோம்பேறி, எது இடப்பக்கம் திரும்பும்போது முரண்டு பிடிக்கும் என்று பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் குலுக்கல். சீட்டில் ஒரு குதிரையின் பெயர் இருக்கும். அந்தக் குதிரைக்குச் சாட்டை கையில் இருக்கலாமா, குதிமுள் கூடாதா என்ற குறிப்பும் இருக்கும். உங்கள் மகள் அதுவரை தொட்டுக்கூடப் பார்க்காத அந்தக் குதிரையில் ஏறுவாள். கால் வைக்கிற அங்கவடியின் வார் எத்தனை ஓட்டை ஏற்ற வேண்டும், எத்தனை இறக்க வேண்டும் என்று யாராவது சரிசெய்து தருவார்கள். பிறகு நேராகக் களத்துக்குள். ஓட்டிப் பழகிப் பார்க்க அனுமதி இல்லை. நடை, ட்ராட் என்ற துள்ளுநடை, கேன்டர் என்ற மிதமான பாய்ச்சல், திரும்பி மறுபக்கம் அதே மாதிரி, சில நிமிடங்களில் முடிந்துவிடும். நடுவர் மதிப்பெண் போடுவது சவாரி செய்பவருக்கு. குதிரை அழகா, விலை என்ன என்பதெல்லாம் அவர் பார்வையிலேயே இல்லை. அடுத்தவர் வீட்டு அடுப்பில், அவர்கள் வைத்திருக்கிற பாத்திரத்தில் சமைத்துக் காட்டுகிற திறமை இது. 22,000 டாலர் கொடுத்துச் சொந்த அடுப்பு வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு என்ன பயன்?

சொல்லப்போனால், ஒரே குதிரையில் பழகிவிட்ட பிள்ளைகள்தான் இந்தப் போட்டியில் திணறுகிறார்கள். அந்தக் குதிரையின் கோணல்களுக்கு ஏற்ப உடம்பு வளைந்துவிடுகிறது. கண்ட கண்ட பயிற்சிக் குதிரைகளில் விழுந்து எழுந்து கற்றவர்கள் குலுக்கலில் எது வந்தாலும் சமாளிக்கிறார்கள்.

இன்னொன்றும் உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே ஆரம்ப நிலையிலிருந்து ஓப்பன் என்ற உச்ச நிலை வரை பல நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் முதலிடத்துக்கு 7 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 5, அடுத்து 4, 3, 2, 1. போட்டிக்கு முன்பே ஒவ்வொரு நிலையிலும் யாருடைய புள்ளி அணிக்குச் சேரும் என்று பயிற்சியாளர் பெயர் கொடுத்துவிட வேண்டும். தடை தாண்டுகிற ஓப்பன் வீராங்கனை வாங்குகிற 7-ம், நடையும் ட்ராட்டும் மட்டும் தெரிந்த புதுப்பெண் வாங்குகிற 7-ம் அணிக் கணக்கில் ஒன்றுதான். ஆகவே பயிற்சியாளர்கள் நல்ல ஆரம்ப நிலைப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு அலைகிறார்கள். குதிரை இல்லாவிட்டால் இடம் கிடைக்காது என்று சொன்னவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

அப்படியானால் ஏன் சொன்னார்? கமிஷன்.

குதிரை வியாபாரத்தில் பயிற்சியாளரே தரகராகவும் இருப்பது அமெரிக்காவில் சர்வ சாதாரணம். விலையில் பத்து, பதினைந்து சதவீதம் கமிஷன் என்பது ஊரறிந்த வழக்கம். வெளிப்படையாகச் சொல்லி வாங்கினால் குற்றமில்லை. உழைப்புக்குக் கூலி என்று விட்டுவிடலாம். ஆனால் விற்பவரிடமும் வாங்கி, வாங்குபவரிடமும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட மோசமானது, உரிமையாளர் 15,000 கேட்கிற குதிரையை 22,000 என்று உங்களிடம் சொல்லி, நடுவில் உள்ளதைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொள்வது. இரு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். "உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வசனம் காதில் விழுந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். "இந்த வாரமே", "வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்பதெல்லாம் அதே கதையின் அடுத்த பக்கம்.

இந்தக் கொள்ளையைப் பார்த்துத்தான் புளோரிடா, கென்டக்கி, கலிபோர்னியா போன்ற மாநிலங்கள், ஒரே ஆள் இரு தரப்புக்கும் தரகராக இருந்தால் இருவரும் அறிந்து எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. ஒரு சில மாநிலங்கள், அவ்வளவுதான். முடி வெட்டுகிறவருக்கு உரிமம் கேட்கிற நாடு இது. ஐந்நூறு கிலோ மிருகத்தின் மேல் உங்கள் பிள்ளையை ஏற்றி உட்கார வைக்கிறவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு காகிதமும் தேவையில்லை. மசாசூசெட்ஸ் மட்டும் சவாரி ஆசிரியருக்கு உரிமம் வேண்டும் என்கிறது. மற்ற இடங்களில் பூட்ஸ் போட்டவரெல்லாம் பயிற்சியாளர்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இது தானமும் இல்லை, மாடும் இல்லை. மகள் ஆசைக்காக என்றைக்காவது வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், விற்பவர் சொல்கிற கால்நடை மருத்துவர் வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த மருத்துவரை வைத்துப் பரிசோதியுங்கள். ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வலி மருந்தும் மயக்க மருந்தும் கொடுத்துச் சாதுவாக நிறுத்தி விற்பது புதிதல்ல. உரிமையாளரின் கையெழுத்தோடு விற்பனைப் பத்திரம் வாங்குங்கள், காசோலையை அவர் பெயருக்கே எழுதுங்கள். வாங்கின பிறகு லாய வாடகை, தீவனம், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு வேலை, மருத்துவர் என்று மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். மகள் இருப்பது பென்சில்வேனியா விடுதியில், குதிரை நிற்பது நியூ ஜெர்சி லாயத்தில். யார் ஓட்டுவது? அந்தப் பயிற்சியாளர்தான், அதற்கும் தனிக் கட்டணத்தோடு. "வாங்க வேண்டாம், குத்தகைக்காவது எடுங்கள்" என்று இறங்கி வருவார். அதற்கும் இதே பதில்தான்.

சரி, இப்போது எச்சரிக்கை ஒன்று. இது உங்கள் மகளுக்கு.

எந்த நிலையில் போட்டியிடுவது என்பது அவளுடைய முந்தைய அனுபவத்தைப் பொறுத்தது. அதற்கு ஒரு படிவம் உண்டு. எத்தனை காலம் பயிற்சி எடுத்தாள், தடை தாண்டியிருக்கிறாளா, எந்த மாதிரிப் போட்டியில் கலந்துகொண்டாள், என்ன பரிசு வாங்கினாள் என்றெல்லாம் கேட்பார்கள். மிக ஆரம்ப நிலைக்குப் பயிற்சி வாரங்களுக்கே உச்சவரம்பு இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் வாரம் ஒன்று என்றால் உங்கள் மகள் அநேகமாக அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள். இங்கேதான் யாராவது வந்து, "அதையெல்லாம் எழுதாதே, கீழ் நிலையில் நின்றால் சுலபமாக ஜெயிக்கலாம்" என்று காதில் ஓதுவார்கள். முன்பு சொன்னேனே, கீழ் நிலை 7 புள்ளிக்கும் அதே மதிப்பு என்று. அந்த ஆசைதான் இதற்கும் காரணம். மறைத்து, பிற்பாடு தெரியவந்தால் அவள் புள்ளிகளோடு அணியின் புள்ளிகளும் போகும். இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பழைய போட்டி முடிவுகள் இணையத்தில் கிடக்கின்றன. ரிப்பனோடு நிற்கிற படத்தை நீங்களே பெருமையாக முகநூலில் போட்டிருப்பீர்கள்.

ஆகவே எல்லாவற்றையும் எழுதட்டும். ஒன்பது வயதில் கோடைமுகாமில் ஒரு வாரம் குதிரை ஏறினாளா, அதையும். உறவினர் வீட்டுப் பண்ணையில் ஏறிச் சுற்றினாளா, அதையும் பயிற்சியாளரிடம் சொல்லட்டும். எது கணக்கில் சேரும், எது சேராது என்று அவர் பார்த்துச் சொல்வார். ரிப்பன் எந்தப் போட்டியில், எந்தப் பிரிவில், எந்த ஆண்டில் என்று தேடி எடுத்து வையுங்கள். தேசிய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற போட்டியா, லாயத்துக்குள்ளேயே நடந்த பழகு போட்டியா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டிலும் கொடுப்பது ஒரே நீல ரிப்பன்தான். அந்தப் பிரிவில் தடை தாண்டினாளா, தரையில் ஓட்டியது மட்டுமா என்பதும் முக்கியம். விதிப்புத்தகத்தை வாசிக்கச் சொல்லலாம் என்றால், அதை எழுதியவர்கள் பெற்றோரை மனதில் வைத்து எழுதியதாகத் தெரியவில்லை. கல்லூரிப் பயிற்சியாளரிடம் நேரில் கேட்பதே மேல்.

ஜார்ஜியா, ஆபர்ன், டெக்சஸ் ஏ அண்டு எம் போன்ற பெரிய பல்கலைக்கழகங்களில் இருக்கும் பெண்கள் அணிகள் வேறு அமைப்பு. உதவித்தொகை கொடுத்து, பெரிய போட்டிகளில் பெயர் வாங்கியவர்களைத் தேடிப் பிடிப்பார்கள். அங்கேயும் குதிரை பல்கலைக்கழகத்துடையதுதான். 20 ஆண்டுகளுக்கும் மேலாக என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு இதை "வளர்ந்துவரும் விளையாட்டு" என்ற பட்டியலிலேயே வைத்திருக்கிறது. இன்னும் வளர்ந்தபாடில்லை. உங்களுக்கு அது தேவையில்லாத பேச்சு.

வார இறுதி விஷயத்தில் ரொம்பக் கவலை வேண்டாம். போட்டிகள் இலையுதிர் பருவத்திலும் வசந்தத்திலும் நடக்கும். நடுவில் குளிருக்கு இடைவெளி. எல்லாப் போட்டிக்கும் எல்லோரையும் அழைத்துப் போவதில்லை. போகிற நாளில் விடியுமுன் கிளம்ப வேண்டியிருக்கும். களத்தில் இருப்பது சில நிமிடம், காத்திருப்பது பல மணி நேரம். புத்தகம் எடுத்துப் போகட்டும். உண்மையில் படிப்பைக் கடிப்பது வாரநாள் பயிற்சிதான். லாயம் பெரும்பாலும் வளாகத்திலிருந்து தள்ளி இருக்கும். காரில் போய், குதிரையைத் தேய்த்து, சேணம் கட்டி, ஓட்டி, மறுபடி தேய்த்து வருவதற்குள் அரை நாள் போய்விடும். பாட அட்டவணை போடும்போதே அதை யோசிக்கச் சொல்லுங்கள்.

செலவு இருக்கிறது. பல கல்லூரிகளில் இது மாணவர் மன்றமாக நடப்பதால் பயிற்சி வகுப்புக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் மாணவர்களே பணம் கட்ட வேண்டியிருக்கும். முழுக் கணக்கைச் சேரும் முன்பே கேளுங்கள். கோட்டும் பூட்ஸும் பழையது போதும், பல அணிகளில் மூத்தவர்கள் விட்டுப்போனது அலமாரியில் இருக்கும். ஹெல்மெட் மட்டும் புதிதாக வாங்குங்கள், உள்ளே ஏ.எஸ்.டி.எம்., எஸ்.இ.ஐ. என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து. ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட் பார்க்க நன்றாகவே இருக்கும், அடுத்த அடியைத் தாங்காது. சைக்கிள் ஹெல்மெட் செல்லாது.

மருத்துவக் காப்பீட்டையும் பாருங்கள். லாயத்தில் கையெழுத்துக் கேட்கிற காகிதமும், வாசலில் மாட்டியிருக்கிற எச்சரிக்கைப் பலகையும் சும்மா இல்லை. குதிரைச் சவாரியில் இயல்பாக உள்ள ஆபத்துக்கு லாயம் பொறுப்பல்ல என்று பெரும்பாலான மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. மகள் உங்கள் குடும்பத் திட்டத்தில் இருந்தால், அது பென்சில்வேனியா மருத்துவமனையில் செல்லுமா, அவசர சிகிச்சைக்குப் பிறகான செலவை ஏற்குமா என்று கேளுங்கள். கல்லூரி வழியாக எடுக்கும் மாணவர் காப்பீடு என்றால், கல்லூரிகளுக்கிடையேயான விளையாட்டில் படும் காயத்தை விலக்கிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பல திட்டங்களில் அந்த வரி எங்கோ கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

அணித் தேர்வு வழக்கமாகக் கல்லூரி திறந்த முதல் சில வாரங்களுக்குள் நடந்துவிடும். இந்த வாரமே மகளை விட்டு அணியின் பயிற்சியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். தேர்வு எப்போது, என் அனுபவம் இது, எந்த நிலையில் வருவேன், ஆண்டுக்கு என்ன செலவாகும், சொந்தக் குதிரை தேவையா. கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை அப்படியே அந்தப் பழைய பயிற்சியாளருக்கு அனுப்பி வையுங்கள்.