திருப்பி அடிக்காத ஹீரோ

ஐயா, வணக்கம்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பங்கில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். போன கிழமை பிள்ளைகளிடம், "உங்கட ஹீரோ யார்?" என்று கேட்டேன். நடிகர்கள் வந்தார்கள், கிரிக்கெட்காரர்கள் வந்தார்கள். "உண்மையான ஹீரோ இயேசுதான்" என்றேன். ஒரு பெடியன் எழும்பி, "அவர் அடி வாங்கித்தானே டீச்சர் செத்தவர்? ஒருத்தருக்கும் திருப்பி அடிக்கேல்லையே, பிறகு எப்பிடி ஹீரோ?" என்றான். வகுப்பே சிரித்தது. "மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தாரே" என்று சமாளித்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொன்று, கொப்பி உறையில் நடிகர் படம் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். கழற்றச் சொல்லட்டுமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

அந்தப் பெடியனை அதட்டி உட்கார வைக்காமல் விட்டீர்களே, நல்லது. அவன் கேட்டது குறும்புக் கேள்வி இல்லை. சிலுவையின் கீழே நின்றவர்களும் இதைத்தான் கேட்டார்கள். மற்றவர்களைக் காப்பாற்றியவன் இப்போது இறங்கி வரட்டும், கண்டு நம்புகிறோம் என்றார்கள். மாற்கு 15இல் இருக்கிறது. அதற்கும் முன்பே இயேசுவின் சீடர் பேதுருவுக்கு இந்தச் சிக்கல் வந்துவிட்டது. பாடுபட்டுச் சாகப்போகிறேன் என்று இயேசு சொன்னதும் அவரைத் தனியே அழைத்துக் கண்டித்தவர் பேதுரு. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவைக் கைது செய்ய வந்தபோது வாளை உருவி ஒருவனின் காதை வெட்டியவரும் அவரே. உங்கள் மாணவன் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறான்.

உயிர்ப்பைச் சொன்னது பிழையில்லை. ஆனால் அந்த வயதில் அது இடைவேளைக்குப் பிந்திய சண்டைக்காட்சியாகத்தான் காதில் விழும். முதல் பாதியில் அடி வாங்கியவர் இரண்டாம் பாதியில் எழும்பி வந்து கணக்குத் தீர்ப்பார். நற்செய்தியில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. உயிர்த்தவர், தனக்குச் சாவுத்தீர்ப்பு எழுதிய ஆளுநர் பிலாத்துவின் மாளிகைக்குப் போகவில்லை. தலைமைக் குரு கயபாவின் வாசலில் நின்று "இப்ப என்ன சொல்லுறாய்?" என்று கேட்கவில்லை. கல்லறையருகே அழுதுகொண்டிருந்த மகதலா மரியாவிடம் போனார். பிறகு திபேரியாக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, இரவு முழுக்க ஒரு மீனும் படாமல் வந்தவர்களுக்கு மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, சாப்பிட வாருங்கள் என்றார். அவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த பேதுருவும் அவர்களில் ஒருவர். தன்னை விட்டு ஓடியவர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்து வைத்துக் காத்திருக்கும் அந்த இடத்தில்தான் எனக்கு இயேசுவைப் பிடித்துப்போனது. அவர் செய்த அற்புதங்களெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

ஆனால் ஒன்று. திருப்பி அடிக்காதவர் வாய்பொத்தி நின்றார் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. விசாரணையில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, நான் பேசியதில் பிழையிருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று நேருக்கு நேர் கேட்டார் (யோவான் 18:23). கை ஓங்கவில்லை, நியாயம் கேட்டார். உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. அடுத்த மாதம் நீர்கொழும்பில் முஸ்லிம்களின் சொத்துகள் தாக்கப்பட்டபோது அமைதி காக்கச் சொன்னவர் கர்தினால் மல்கம் ரஞ்சித். (அவர் சொல்லும் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை, அது வேறு கதை.) அதே மனிதர், விசாரணை என்னவாயிற்று என்று கேட்பதை நிறுத்தவுமில்லை. உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் உட்படப் பலர் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. பத்துப் பேரைப் பறக்கவிடும் சண்டையைவிட, நீதிமன்ற வாசலில் வருடக்கணக்காக நிற்பதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்த வகுப்புக்குப் புனித யோசேப் வாஸ் அடிகளாரை எடுங்கள். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்ததிலிருந்து தொடங்க வேண்டாம். 1687இலிருந்து தொடங்குங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம். கோவாவில் பிறந்த மனிதர் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்கிறார், வந்ததும் வயிற்றோட்டம் பிடித்துப் படுக்கிறார். இப்படி ஒரு அறிமுகக் காட்சியை எந்த நடிகர் ஒப்புக்கொள்வார்? தமிழும் சிங்களமும் படித்தார். கண்டிக்குப் போனால் போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் போட்டார்கள். 1697இல் அங்கே பெரியம்மை பரவியபோது அரசனே நகரை விட்டுப் போய்விட்டான். வாஸ் போகவில்லை. கைவிடப்பட்ட நோயாளிகளைக் கழுவினார், ஊட்டினார், இறந்தவர்களைப் புதைத்தார். யார் எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை. நடிகரின் ரசிகன் படம் முடிந்ததும் எழும்பி வீட்டுக்குப் போகலாம். இயேசுவை ஹீரோவாகக் கண்ட வாஸால் அப்படிப் போக முடியவில்லை. பெடியன் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேரான பதில் இதுதான்.

கொப்பி உறை விஷயம்: விட்டுவிடுங்கள். நடிகரைக் கிழித்துவிட்டு அங்கே இயேசுவை ஒட்டச் சொன்னால் கட்அவுட் மாறும், வேறொன்றும் மாறாது. பதிலாக, அந்தக் கடற்கரைக் காட்சியைப் பிள்ளைகளை நடிக்க விடுங்கள். கேள்வி கேட்டவனுக்குப் பேதுரு வேஷம் கொடுங்கள். கெத்சமனியும் வேண்டும் என்று அடம்பிடிப்பான், சேர்த்துக்கொள்ளுங்கள். வாளை அவனே செய்துகொண்டு வந்துவிடுவான்.