‘கிறது’ எதுகையா?

கேள்வி: நான் அனுப்பிய புதுக்கவிதையைத் திருப்பிவிட்டீர்கள். ‘படகு வருகிறது / பாலம் பார்க்கிறது / அலை அடிக்கிறது / மனம் தவிக்கிறது’. நான்கு அடியிலும் எதுகை இருக்கிறது. அசை பிரித்து அலகிட்டும் பார்த்தேன், சீர் ஒழுங்காகப் பிரிகிறது. இதற்கு மேல் என்ன இலக்கணம் வேண்டும்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அது எதுகை இல்லை ஐயா, இயைபு; அடிகளின் கடைசி ஒன்றி வருவது. எதுகை என்றால் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும். இயைபும் தொடைதான், அதாவது அடிகளைத் தொடுக்கும் முறைதான்; தொல்காப்பியமே சேர்த்திருக்கிறது. ஆனால் தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். அஃறிணை ஒருமையை எழுவாயாக வைத்து நிகழ்காலத்தில் நாலு வாக்கியம் எழுதினால் நாலும் ‘கிறது’ என்றுதான் முடியும். வானிலை அறிக்கையிலும் முடியும். சும்மா கிடைப்பதற்குப் பாராட்டுக் கேட்கிறீர்கள். நம் புலவர்கள் அடியின் தொடக்கத்தில் காதை வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சரி, சீருக்கு வருவோம். சீர் எதிலும் பிரியும். ‘இங்கே குப்பை கொட்டக் கூடாது’ என்பதை அலகிட்டுப் பாருங்கள். சீர்களின் பெயர்: தேமா, தேமா, தேமா, தேமாங்காய். அடுத்தடுத்த சீர்கள் இணைவதுதான் தளை; மாவில் முடியும் சீருக்குப் பின் நேரசை வருவதால் மூன்று இடத்திலும் ஆசிரியத்தளை. கு, கொ, கூ என்று முதலெழுத்து ஒன்றும் மோனை வேறு! உங்கள் கவிதையைவிட அந்தப் பலகையில் யாப்பு அதிகம். உங்களுடையதில் ‘படகு வருகிறது’ வெண்டளை, ‘பாலம் பார்க்கிறது’ ஆசிரியத்தளை, அங்கிருந்து ‘அலை’க்குத் தாவும்போது கலித்தளை. அது குற்றமில்லை. தளையை விட்டுவிட்டுத்தான் புதுக்கவிதை வந்தது. விட்ட இடத்தில் நீங்கள் என்ன வைத்தீர்கள்? வரியை ஏன் அங்கே முறித்தீர்கள்? நாலு வரியும் எழுவாய், பயனிலை, அவ்வளவுதான். வரிசையை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடாது. அதைத்தான் வடிவம் இல்லை என்கிறேன்.

இத்தனைக்கும் பாலம்–பார்க்கிறது, அலை–அடிக்கிறது இரண்டிலும் நல்ல மோனை விழுந்திருக்கிறது. அதை நீங்கள் சொல்லவே இல்லை!

அப்புறம் அந்தப் பாலம். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பினாங்குப் பாலம்தானே? 1985இல் அது திறக்கும்வரை, பினாங்குத் தீவுக்குக் காரைக் கொண்டுபோக ஃபெரியை, அதாவது உங்கள் ‘படகை’, விட்டால் வழியில்லை. அந்தப் பாலம் இன்று ஃபெரியைப் பார்க்கிறது என்றால், எப்படிப் பார்க்கிறது? ஜெயித்துவிட்ட திமிரிலா, கூச்சத்திலா? கவிதை அங்கேதான் தொடங்குகிறது. நீங்களோ அடுத்த வரியில் அலையை அடிக்கவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து மனம் தவிக்க வேண்டாம்.