நெல்லை அறிவு நகரமாக வளர, தகவல் தொழில்நுட்பம் எப்படி உதவும்?

கல்விக்கு இங்கே குறைவில்லை. பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு' என்பார்கள்; மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-லேயே வந்துவிட்டது. ஆனால் படித்து முடித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம்.

நல்ல இணைய இணைப்பு இருந்தால் வேலை ஊருக்கே வரும். ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011-ல், அப்போது நெல்லை மாவட்டத்தோடு இருந்த தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. மென்பொருளை விற்கத் துறைமுகமா வேண்டும்?

அப்புறம், 2017-ல் திருநெல்வேலி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. சரி, கேமராவும் சென்சாரும் வரட்டும். அவை சேர்க்கும் தரவு மாணவர்கள் கைக்கும் வர வேண்டும். தாமிரபரணியில் சாக்கடை எங்கெங்கே, எந்த நேரத்தில் கலக்கிறது என்ற அளவீடுகளைப் பொதுவில் வைத்தால், அதற்கு வழி சொல்லும் ஆய்வுகள் நம் கல்லூரிகளிலேயே பிறக்கும்.