எதிர்காலம் அவனுக்கு மட்டுமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் கபடி அணித் தலைவன், விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் அவளிடம் பாலியல் சீண்டலில் ஈடுபட்டான். தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். "அடுத்த மாதம் மாநில அணித் தேர்வு. பையன் எதிர்காலமே போய்விடும். உங்கள் பெண்ணுக்கும்தான் கெட்ட பெயர்" என்கிறார். என் கணவரும் விட்டுவிடச் சொல்கிறார். தெருமுனையில் அவனை வாழ்த்தி பேனர் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகப் பிடிக்காமல் மகள் சைக்கிளில் சுற்றிக்கொண்டு டியூஷனுக்குப் போகிறாள். புகார் கொடுத்தால் ஒரு பையன் வாழ்க்கையைக் கெடுத்த பாவம் எனக்கு வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத தாய், கடலூர்

அன்புச் சகோதரிக்கு,

வராது. அந்தச் சொல்லை உங்கள் தலையில் ஏற்றியவர்கள்மீது எனக்குக் கடும் கோபம் வருகிறது.

தலைமை ஆசிரியர் சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள். "அப்படி நடந்திருக்காது" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் மகளை நம்புகிறார். நம்பிக்கொண்டேதான் வாயை மூடச் சொல்கிறார். அவன் ஜெயித்தால் பள்ளிக்குக் கோப்பை, பயிற்சியாளருக்குப் பெயர், அவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், பேனர் கட்டியவர்களுக்கு "எங்கள் தெருப் பையன்" என்ற பெருமை. இத்தனை பேருடைய ஆசையும் அவனுக்குக் காவல் நிற்கிறது. உங்கள் மகளுக்கு நீங்கள் ஒருவர்தான்.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நீச்சல் வீரன் பிராக் டர்னர், நினைவிழந்து கிடந்த பெண்ணிடம் பாலியல் வன்முறை செய்தது 2016-இல் நீதிமன்றத்தில் உறுதியானது. நீதிபதி விதித்த தண்டனை ஆறு மாதம். மூன்றே மாதத்தில் வெளியே வந்துவிட்டான். இருபது நிமிடச் செயலுக்கு இவ்வளவு பெரிய விலையா என்று அவன் தந்தை நீதிபதிக்கு எழுதினார். அந்த நீதிபதியை 2018-இல் மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். மகனுக்காக நிமிடக் கணக்குப் பார்த்த தந்தை, அந்தப் பெண் இழந்த நாட்களை எண்ணவில்லை. சுற்றுவழியில் சைக்கிள் மிதிக்கும் உங்கள் மகளின் நாட்களையும் அந்தப் பள்ளியில் யாரும் எண்ணவில்லை.

அவன் எதிர்காலத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பாதவன் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அவன் பெயரும் வெளியே வரக் கூடாது. சீர்திருத்துவதுதான் அங்கே முதல் நோக்கம். அவனுக்காக யோசிக்கச் சட்டமே ஏற்பாடு செய்திருக்கிறது.

உங்கள் மகளுக்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. தலைமை ஆசிரியர் கேட்டது உதவி அல்ல, குற்றத்துக்கு உடந்தை. இதை அவரிடம் நேராகவே சொல்லலாம். பெற்றோருக்கும் இந்தக் கடமை உண்டு என்பதைக் கணவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். கெட்ட பெயர் என்ற பயம் உங்களுக்கும் இருக்கும். குழந்தையின் பெயர், படம், பள்ளி, குடியிருக்கும் பகுதி எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. உங்கள் கடிதத்தில் இருந்த தெருப் பெயரை நாங்கள் எடுத்துவிட்டதும் அதனால்தான். மகள் ஸ்டேஷன் படியேற வேண்டியதில்லை. வீட்டிலேயே, கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர் ஒருவர், சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகத் தயக்கமாக இருந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

போவதற்கு முன், தலைமை ஆசிரியரைப் பார்த்த தேதியையும் அவர் சொன்னதையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். போனில் வந்த செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். நடந்ததை மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எல்லோருடைய பேச்சும் இருக்கிறது, மகளுடையது மட்டும் இல்லை. இன்று இரவு அவள் பக்கத்தில் உட்காருங்கள். "உன்மேல் தப்பில்லை, அம்மா நம்புகிறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். என்ன செய்யலாம் என்று பிறகு அவளையே கேளுங்கள்.