பட்டா இடம் என்றால் சதுப்பை மூடலாமா?

கேள்வி: நீலகிரி மாவட்டம் குந்தா வட்டத்தில் எங்கள் ஹட்டிக்கு (ஊருக்கு) கீழே ஓடும் ஹள்ளாவின் (ஓடையின்) கரையில் சுமார் 4 ஏக்கர் சதுப்பு இருக்கிறது. கோடையிலும் தண்ணீர் வற்றாது. எங்கள் கேரட் தோட்டங்களுக்கு அதுதான் ஆதாரம். காட்டெருமை இறங்கும், நீர்நாயும் உண்டு. நான்கு மாதமாக ஒருவர் பொக்லைன் வைத்து மண் கொட்டி அதை மூடுகிறார். காட்டேஜ் கட்டப் போகிறாராம். கேட்டால் 'பட்டா இடம்' என்கிறார். அங்கே எங்களுக்கு நிலம் இல்லை. நாங்கள் வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் உடனே போட வேண்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-இன் 14வது பிரிவுப்படி, பிரச்சினை முதலில் தொடங்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம், அவ்வளவுதான். கடைசி லோடு மண் விழுந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள்; முதல் லோடு விழுந்த நாளிலிருந்து எண்ணுங்கள். தாசில்தாருக்கு மனு மேல் மனு கொடுத்துக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் உங்களுக்கு வரக் கூடாது. நிலத்தைப் பழைய நிலைக்கு மீட்கக் கேட்கும் 15வது பிரிவுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனாலும் மூடிய சதுப்பை மீட்பதைவிட மூடவிடாமல் தடுப்பதுதான் எளிது.

உங்கள் பெயரில் அங்கே நிலம் இருக்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரை நம்பிப் பயிர் செய்கிற நீங்கள் பாதிக்கப்பட்டவர்தான். சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மனு செய்து, முதலில் இடைக்காலத் தடை கேளுங்கள்.

சரி, பட்டா விஷயத்துக்கு வருவோம். பட்டா உரிமையைக் காட்டும். ஓடையின் போக்கை மாற்றவோ சதுப்பைப் புதைக்கவோ அனுமதி தராது. குலு–மணாலி சாலையில் பியாஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு தங்கும் விடுதி, புல்டோசர் வைத்து ஆற்றின் போக்கையே திருப்பியது. கமல்நாத் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், இயற்கை வளங்களுக்கு அரசு பொதுமக்களின் அறங்காவலர் மட்டுமே என்று சொல்லிக் குத்தகையை ரத்து செய்தது. அது குத்தகை நிலம், உங்கள் வழக்கில் பட்டா நிலம். அந்த வேறுபாட்டை எதிர்த்தரப்பு கட்டாயம் எழுப்பும். அதனால் முதல் வேலையாக புலப்படமும் (நிலத்தின் அளவை வரைபடம்) அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகலும் வாங்குங்கள். பட்டா எதுவரை, ஓடைப் புறம்போக்கு எங்கிருந்து என்று சர்வேயரை வைத்து அளக்கக் கேளுங்கள். கொட்டிய மண் ஓரடி புறம்போக்கில் சரிந்திருந்தாலும் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் பாயும்.

ஈரநில விதிகள் 2017-ஐ மட்டும் நம்பி இறங்காதீர்கள். உச்ச நீதிமன்றம் 2017-இல் பாதுகாக்கச் சொன்ன பட்டியல் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை, அதாவது ஐந்தரை ஏக்கருக்கு மேல். உங்களுடையது சிறியது. ஆற்றுப் படுகையும் அந்த விதிகளில் வராது. மூடியவர் தரப்பு முதலில் பிடித்துக்கொள்ளும் ஓட்டை இதுதான். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ஐ அடிப்படையாக வைத்து மனு எழுதச் சொல்லுங்கள். அப்புறம், கட்டுமானத்துக்கு ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி இருக்கிறதா, பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகம் அனுமதித்ததா என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகும். அதனால் இன்றே அனுப்புங்கள்.

வனவிலங்குச் சட்டம் நீர்நாயைக் கொல்வதைத் தண்டிக்கும். ஆனால் சரணாலயத்துக்கு வெளியே அது வாழும் இடத்தை நேரடியாகக் காப்பாற்றாது. எனக்கு மனம் ஒப்பாத நிலைமைதான், ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. அதனால் விலங்குகள் பற்றிய சான்றைத் தீர்ப்பாயத்தின் முன் நீங்கள்தான் வைக்க வேண்டும். ஓடையோரப் பாறைகளில் நண்டு ஓட்டுத் துண்டுகள் கலந்த எச்சம் கிடக்கும். அது நீர்நாய் வந்துபோன அடையாளம். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து அளவு தெரியப் படமெடுங்கள், தேதியும் இடமும் பதியட்டும். காட்டெருமைக் குளம்புத் தடத்தையும் அப்படியே. சதுப்பின் கறுப்பு மண்ணைக் கையில் அள்ளிப் பிழிந்து தண்ணீர் சொட்டுவதை வீடியோ எடுங்கள். அது ஈரநிலம் என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பத்திரமும் சொல்லாது.

இதற்கிடையில் கோட்டாட்சியரிடமும் ஒரு மனு கொடுங்கள். பொது நீரோடைக்கு ஏற்படும் இடையூறை அகற்ற உத்தரவிடும் அதிகாரம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152வது பிரிவில் அவருக்கு உண்டு. பொக்லைன் முன் போய் யாரும் நிற்க வேண்டாம். உங்கள் மேல் ஒரு வழக்கு விழுந்தால் கவனமெல்லாம் அங்கே போய்விடும். ஜூனில் மழை இறங்கினால் கொட்டிய மண் கரைந்து ஓடையில் பரவி, எல்லையே அடையாளம் தெரியாமல் போகும். அளவையை அதற்குள் முடித்துவிடுங்கள்.