தோட்டத்துப் பையன்கள் புட்சால் லீக்கில் சேர்ந்தால் முதல் பருவத்தைத் தாங்குவார்களா?

திடலில் பதினொருவராகக் காற்பந்து ஆடிப் பழகிய உங்கள் பையன்கள் உள்ளரங்கில் ஐவராக ஆடும் புட்சால் லீக்கில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேரலாம். முதல் ஆட்டத்திலேயே ஒன்பது கோல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் மனம் வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் 2-9 என்று திரும்பினோம்.

நான் மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாக்காரன். அந்தப் பெயர் சாலைப் பலகையில்தான். எங்கள் வாயில் இன்றும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. மழை பெய்தால் சேறாகும் தோட்டத்துத் திடலில் ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். பந்தை நீளமாக உதை, பின்னால் ஓடு, எதிரே வருபவனைத் தோளால் இடி. இதுவே எங்கள் ஆட்டக் கலை. இந்தக் கலையை நம்பித்தான் அக்கம்பக்கத்து ஊர்களின் எட்டு அணிகள் ஆடும் ஒரு சிறிய லீக்கில் பெயர் கொடுத்தோம்.

முழு அளவுப் புட்சால் களமே 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம்தான். ஓட இடம் இல்லை. பந்து நான்காம் எண், துள்ளாது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் ஏறக்குறைய முழங்கால் உயரம்தான் எழும்பும். அதை உள்ளங்காலால் மிதித்து நிறுத்தத் தெரிய வேண்டும். எங்களுக்குப் புறங்கால் மட்டுமே இருந்தது. பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறியக் கூடாது, காலால் உதைத்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும், அதுவும் நான்கு விநாடிக்குள். நாங்கள் யாரிடம் கொடுக்கலாம் என்று கூடிப் பேசி முடிப்பதற்குள் பந்து எதிரணிக்குப் போயிருக்கும்.

இதெல்லாம் இரண்டு மூன்று ஆட்டங்களில் பழகிவிடும். எங்களைக் கொன்றது ஃபவுல் கணக்குதான். பெரிய திடலில் இடித்தால் நடுவர் ஊதுவார், சுவர் கட்டி நிற்போம், முடிந்தது. இங்கே ஒரு பாதியில் அணி செய்யும் ஃபவுல்கள் எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். ஆறாவதிலிருந்து சுவர் கிடையாது. பத்து மீட்டர் புள்ளியில் பந்தை வைத்து நேராக உதைப்பார்கள். எதிரே கோல்கீப்பர் மட்டும் நிற்பார். முதல் ஆட்டத்தில் வாங்கிய ஒன்பதில் நான்கு அப்படி விழுந்தவை. ஐந்து ஆகிவிட்டது என்று மேசையில் அடையாளம் வைத்திருந்தார்களாம். எங்களில் ஒருவரும் மேசைப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாரம் கிராணி ஐயாவைப் போய் அழைத்தோம். தோட்டத்தில் குமாஸ்தாவாகப் பல ஆண்டுகள் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடு, எழுதி ஓய்வு பெற்றவர். காற்பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, கணக்கு தெரியும். நீளக் கோட்டுப் புத்தகத்துடன் மாற்று ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு விசிலுக்கும் உரக்க எண்ணினார். "மூன்று! இன்னும் இரண்டுதான் மிச்சம்!" எதிரணியினர் முதலில் சிரித்தார்கள். பயிற்சிக்குத் தாமதமாக வருபவனுக்கு, செக்ரோலில் அரைநாள் வேலைக்குப் போடுவதுபோல், அரைப் பேர்தான் போடுவார். அரைப் பேர் வாங்கியவன் அந்த வாரம் முதல் ஐவரில் இறங்க முடியாது. நான் அணித் தலைவன். எனக்கும் இரண்டு முறை போட்டார்.

பயிற்சிக்கு நேரம் பார்ப்பது தனிப்பாடு. ஒருவன் ஆலையில் ஷிப்ட், ஒருவன் லாரி, இருவர் ரவாங் பக்கம் தொழிற்சாலையில். இரவு ஒன்பதுக்கு மேல்தான் கூட முடிந்தது. மணிக்கு 80 வெள்ளி வாடகை, பத்துப் பேர் பங்கு போட்டோம். ஆளெடுக்கும்போது இதைக் கேளுங்கள்: புதன்கிழமை இரவு வருவாயா? திறமையை அப்புறம் பார்க்கலாம்.

பதினான்கு ஆட்டத்தில் மூன்று வெற்றி, இரண்டு சமம், ஒன்பது தோல்வி. எட்டு அணிகளில் ஏழாவது இடம்.

கடைசி ஆட்டத்தில் 3-3 என்று நிற்கும்போது இரண்டு நிமிடம் பாக்கி. எங்கள் கணக்கில் ஐந்து ஃபவுல். லாரி ஓட்டும் தம்பியைத் தாண்டி ஒருவன் பந்தோடு போகிறான். "ஐந்து! ஐந்து!" என்று கிராணி ஐயா கத்த, நீட்டிய காலைத் தம்பி இழுத்துக்கொண்டான். எதிரணிக்காரன் போய்க் கோல் போட்டான். 3-4.

வேனில் திரும்பும்போது தம்பி பொறுக்காமல் கேட்டுவிட்டான். "ஐயா, நீங்கள் கத்தாமல் இருந்திருந்தால் அவனை அங்கேயே விழ வைத்திருப்பேனே?"

ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். "விழ வைத்திருந்தால் பத்து மீட்டர். இந்தப் பருவத்தில் நமக்கு எதிராகப் பதினொன்று. பிடித்தது ஒன்று."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் கோல்கீப்பர் சன்னல் வழியாகச் செம்பனை மரங்களைப் பார்க்க ஆரம்பித்தான்.